வெட்டி மிஞ்சிய கல் துண்டுகளை நகைக்கல் ஆக்குவது: முழுமையான வழிகாட்டி

ஒரு அகேட் பலகையிலிருந்து பெண்டன்டுக்கு நீள்வட்டம் ஒன்று வெட்டி எடுத்தால், அதைச் சுற்றிக் கிட்டத்தட்ட அதே அளவு கல் மிஞ்சும். முக்கோணச் சில்லு, மூலைத் துண்டு, ஒரு பக்கம் தோலோடு இருக்கும் விளிம்பு என்று பல வடிவத்தில் வரும். ஜெய்ப்பூர், குஜராத்திலுள்ள கம்பாத் போன்ற கல்லறுக்கும் ஊர்களில் இவற்றைக் கிலோ கணக்கில் வாங்கலாம். கல் நல்ல கல்தான், வடிவம்தான் இல்லை. கையால் நகை செய்பவர்களுக்கு இதைவிடத் தோதான மூலப்பொருள் கிடையாது என்பது என் கருத்து. வரிகளும் நிறமும் ஏற்கெனவே வெட்டுமுகத்தில் தெரிவதால், எந்தத் துண்டு காதணிக்கு ஆகும், எது ஆகாது என்று வாங்கும்போதே பார்த்துவிடலாம்.

இந்த வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், பெரில், படிகம் எனப் பல கற்களில் செய்த மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு பாதி வேலையில் நின்ற மணிகளும் வேலைக் கழிவுகளும் கிடைத்ததால்தான் அங்கே பட்டறை இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. கம்பாத்தில் மோட்டார் வருவதற்கு முன் மணிகளைத் தோல் பையில் போட்டு, எமரிப் பொடியும் தண்ணீரும் சேர்த்துக் கட்டி, எதிரெதிரே உட்கார்ந்த இருவர் நாள்கணக்கில் அங்குமிங்கும் உருட்டி மெருகேற்றினார்கள். கல்லையும் பொடியையும் தண்ணீரையும் ஒரு டிரம்முக்குள் போட்டு உருட்டும் டம்ப்ளிங் மெஷினை இன்று நாம் மேசை மேல் வைத்திருக்கிறோம். அது செய்வதும் அதையேதான்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு கடைசிக் கட்டத்தில் வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கல் மின்னுமா மின்னாதா என்பது கையால் வடிவம் கொடுக்கும்போதும் முதல் கரட்டுப் பொடியிலுமே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன்.

எந்தக் கல்லை எடுப்பது

முதல் முறை செய்பவர்கள் அகேட், ஜாஸ்பர், கார்னீலியன் எனப்படும் சூதுபவளம் ஆகிய மூன்றோடு நிற்பது நல்லது. மூன்றும் நுண்படிகக் குவார்ட்ஸ் குடும்பம். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் கடினம் 6.5 முதல் 7. எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தேயும் என்பதால் ஒரே டிரம்மில் போடலாம். கடினம் மாறுபடும் கற்களைக் கலந்தால் மென்மையான கல் கரைந்து காணாமல் போகும், கடினமான கல் அப்படியே இருக்கும்.

துண்டு என்ன கல் என்று தெரியவில்லையா? ஒரு ஸ்டீல் கத்தி முனையால் ஓரத்தில் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் அது 5.5-க்குக் கீழே, ஒதுக்கிவிடுங்கள். கத்திதான் தேய்ந்து கல்மேல் சாம்பல் நிற இரும்புக் கோடு விட்டால் அது நமக்கு வேண்டிய இனம். விரலால் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் கீறலா இரும்புக் கோடா என்பது தெரியும்.

தெளிந்த படிகம் கடினம் 7 என்றாலும் அகேட்டைப் போல உறுதியானது அல்ல. டிரம்முக்குள் மோதி ஓரங்களில் வெள்ளைத் தழும்பு விழும். அதைத் தனியாக, மென்மையாக உருட்ட வேண்டும். காங்கேயம் பக்கம் கிடைக்கும் சந்திரகாந்தக்கல் இன்னும் நுணுக்கமானது. அது ஃபெல்ட்ஸ்பார், கடினம் 6 முதல் 6.5. இரண்டு திசைகளில் தானாகப் பிளக்கும் குணமும் உண்டு. கை பழகிய பிறகு அதற்குப் போகலாம். மாலகைட் (3.5–4), ஃப்ளோரைட் (4), பளிங்கு (3) போன்றவற்றை இந்த முறையில் தொடவே வேண்டாம். மாலகைட்டில் செம்பு இருப்பதால் அதன் தூசியும் உடம்புக்கு ஆகாது.

கண்ணைப் பறிக்கும் நீலம், ரோஸ், ஊதா நிற அகேட் துண்டுகள் பெரும்பாலும் சாயமேற்றியவை. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம் உறுதி. ஒட்டாவிட்டால் சாயம் இல்லை என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம். சில சாயங்கள் ஆழமாக இறங்கி நிற்கும்.

அடுத்து விரிசல். துண்டை நனைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். மேற்பரப்பு உலர ஆரம்பிக்கும்போது விரிசல் இருக்கும் இடம் மட்டும் ஈரத்தை விடாமல் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலேயே உடைத்துவிடுங்கள். டிரம்முக்குள் ஐந்தாவது நாள் உடைந்து மற்ற கற்களைக் குத்துவதைவிட, இப்போதே கையில் இரண்டாக உடைவது மேல்.

தூசியைப் பற்றி

இதைப் பின்னால் தள்ள எனக்கு மனமில்லை. அகேட், ஜாஸ்பர் எல்லாமே சிலிக்கா. உலர்வாக அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும். வந்தால் குணமாக்க மருந்து இல்லை. கம்பாத்தின் அகேட் தொழிலாளர் குடும்பங்களில் இந்த நோய் எடுத்த உயிர்கள் பல. அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அங்கே ஆய்வுகள் நடத்தியிருக்கிறது. நம் கையில் இருக்கும் கல்லும் அதே கல்தான்.

ஆகவே விதி ஒன்றே ஒன்று: தண்ணீர் இல்லாமல் கல்லை அரைக்கவோ, அறுக்கவோ, துளைக்கவோ கூடாது. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. தண்ணீரோடு வேலை செய்யும்போதும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும் நீர்த்துளியிலும் பொடி இருக்கிறது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வேலை முடிந்ததும் மேசையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்த ஏப்ரனைக் காயவைத்து உதறக் கூடாது, நேராக அலசிவிட வேண்டும்.

இன்னொன்று, தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கின்றன. பிளக் இருக்கும் இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். கைக்கருவியைத் தண்ணீர்த் தட்டுக்கு மேலே பிடித்து வேலை செய்யலாம், அதன் உடம்பு நனையக் கூடாது.

கையால் வடிவம் கொடுப்பது

ஆற்றுக் கூழாங்கல்லையும் வெட்டுத் துண்டையும் டிரம் ஒரே மாதிரி நடத்தாது. கூழாங்கல் ஏற்கெனவே உருண்டது. வெட்டுத் துண்டுக்கு இரண்டு தட்டையான முகம், கத்தி போன்ற விளிம்பு, ரம்பம் போன வரித்தடம் மூன்றும் இருக்கும். அப்படியே போட்டால் தட்டை முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். பொடி இடையில் போகாது. கூர்விளிம்புகள் உருளாமல் சிம்பு சிம்பாக உடையும். ரம்பத்தடம் கடைசிவரை போகாமல் நிற்கும். இவை மூன்றையும் கையாலேயே தீர்த்துவிட வேண்டும்.

முதலில் துண்டை நனைத்து வரியைப் பாருங்கள். துளியா, நீள்வட்டமா, ஒழுங்கில்லாத இயல்பு வடிவமா என்பதைக் கல்லின் வரியே சொல்லும். வடிவத்தைப் பர்மனன்ட் மார்க்கரால் வரையலாம், ஆனால் தண்ணீரில் அழியும். கூராக்கிய அலுமினியக் கம்பியாலோ பித்தளைக் கம்பியாலோ அழுத்திக் கோடு போட்டால் அது அரைக்கும்போதும் நிற்கும்.

கோட்டுக்கு வெளியே இருக்கும் அதிகக் கல்லை டைல்ஸ் வெட்டும் நிப்பரால் எடுக்கலாம். கார்பைடு வாய் கொண்ட நிப்பராக இருக்கட்டும். வாய் முழுவதையும் கல்லுக்குள் விட்டு அமுக்கினால் விரிசல் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவிடும். வாயின் கால்பங்கு மட்டும் ஓரத்தில் படும்படி வைத்து, எலி கொறிப்பதைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்திவிடுங்கள். மீதி அரைக்கத்தான். இதையும் தண்ணீருள்ள தட்டுக்குள் கையை வைத்தே செய்தால் சில்லு கண்ணுக்குப் பறக்காது. 8 மி.மீ.-க்கு மேல் தடிமன் என்றால் நிப்பரை நம்ப வேண்டாம், டயமண்ட் பிளேடு போட்ட தண்ணீர் ரம்பம்தான் சரி.

அரைப்பதற்கு வசதி இருந்தால் தண்ணீர் சொட்டும் டயமண்ட் சக்கரம், 80 அல்லது 100 கிரிட் (கிரிட் என்பது கரட்டுத்தன்மையைக் குறிக்கும் எண், கூடக்கூட நைசு). இல்லாவிட்டால் கத்தி தீட்டும் டயமண்ட் தட்டு போதும், நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். இரும்புப் பட்டறையில் இருக்கும் உலர் சாணைச் சக்கரத்தில் கல்லைக் காட்டவே கூடாது. கல் சூடேறி வெடிக்கும், தூசியும் பறக்கும்.

அரைக்கும் வரிசை முக்கியம். முதலில் சுற்றுக்கோட்டை அடையுங்கள். அப்புறம் மேல் முகத்தின் விளிம்பு முழுக்க 45 டிகிரியில் ஒரு சரிவு போடுங்கள், ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு. பின் முகத்திலும் சற்றுச் சிறிய சரிவு வேண்டும். பிறகு மேல் சரிவுக்கும் தட்டை முகத்துக்கும் இடையிலுள்ள மூலையை மீண்டும் 20 டிகிரி அளவில் அரைத்து மழுக்குங்கள். இப்படி இரண்டு சரிவு போட்டாலே தட்டைக் கல்லுக்கு மெல்லிய வயிறு வந்துவிடும். மீதியை டிரம் உருட்டிக்கொள்ளும். சரிவு போடாத துண்டை டிரம்மில் போடவே கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உட்குழிந்த இடங்களைக் கவனியுங்கள். பிறை வடிவம், இதய வடிவத்தின் மேல் பிளவு போன்ற இடங்களுக்குள் மற்ற கல் நுழையாது, ஆகவே அங்கே தேய்மானமும் இருக்காது. முகம் மின்னும், பள்ளம் மங்கியே நிற்கும். அந்த வடிவம் வேண்டுமென்றால் டயமண்ட் பர் எனப்படும் சிறு அரைமுனை கொண்டு உள்வளைவை 600 கிரிட் வரை கையால் முடித்துவிட்டுத்தான் டிரம்முக்கு அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் புறம் குவிந்த வடிவங்களே போதும்.

ரம்பத்தடத்தை விரல் நகத்தால் சோதியுங்கள். முகத்தின் குறுக்கே நகத்தை இழுக்கும்போது தட்டினால் தடம் ஆழம். கண்ணாடிப் பலகையின் மேல் 120 கிரிட் நீர் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவதுபோல் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

தடிமனையும் எடையையும் இப்போதே கணக்கிட வேண்டும். பெண்டன்டுக்கு 5 முதல் 8 மி.மீ. தோதாக இருக்கும். 4 மி.மீ.-க்குக் கீழே இருப்பது டிரம்மில் உடையும், அவற்றைக் கையாலேயே மெருகேற்றுங்கள். அகேட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.6 கிராம். 25 மி.மீ. நீளம், 15 அகலம், 6 தடிமனுள்ள துளிவடிவம் மூன்றரை கிராம் அளவுக்கு வரும். காதுக்கு இது சரி. ஐந்து கிராமைத் தாண்டினால் நாள் முழுக்கப் போட முடியாது. காதணி ஜோடிக்கு எப்போதும் அடுத்தடுத்த வெட்டிலிருந்து மூன்று துண்டுகள் தயாரியுங்கள். ஒரே டிரம்மில் போனாலும் மூன்றும் ஒரே மாதிரி தேயாது, வெளிவந்த பிறகு பொருந்தும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டிரம் நிரப்புவது

வீட்டுக்கு ரோட்டரி வகை, மூன்று பவுண்டு டிரம், அதாவது கல், பொடி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 1.3 கிலோ அளவு கொள்வது போதுமானது. ரப்பர் டிரம் பிளாஸ்டிக்கைவிடச் சத்தம் குறைவு. வீட்டில் இரவும் பகலும் ஓடப்போகிறது என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டிரம்மின் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை கல் இருக்க வேண்டும். பாதிக்குக் குறைந்தால் கற்கள் வழுக்கி இறங்காமல் மேலிருந்து விழுந்து மோதும். முக்காலுக்கு மேல் போனால் நகரவே இடமிருக்காது. அளவிலும் கலவை வேண்டும்: சில பெரியது, நிறையச் சிறியது. தட்டைத் துண்டுகளுக்கு இதோடு செராமிக் மீடியா அவசியம். சின்னச் சின்ன உருளைகளாக விற்பார்கள். மேலே சொன்ன நிரப்பு அளவுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு அது இருக்கட்டும். தட்டை முகங்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்து வைப்பதும், பொடியை எல்லா மூலைக்கும் கொண்டுபோவதும் அதன் வேலை.

தண்ணீர் மேல்வரிசைக் கற்களின் அடிவரை தெரிந்தால் போதும். அதிகமானால் பொடி அடியில் தங்கிவிடும்.

பொடி என்பது சிலிக்கான் கார்பைடு. ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் பொடி என்று கேளுங்கள். எண் கூடக்கூடப் பொடி நைசாகும். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வேண்டாம், அதில் எண்ணெயோ கிரீஸோ கலந்திருக்கும்.

மூடும்போது டிரம் விளிம்பில் ஒரு துகள்கூட இல்லாமல் துடையுங்கள், இல்லையென்றால் கசியும். மோட்டார் காற்றோட்டமுள்ள நிழலில் இருக்கட்டும். கோடையில் ஷீட் போட்ட மொட்டை மாடி அறையில் வைத்தால் மோட்டாரும் பெல்ட்டும் சீக்கிரம் போய்விடும். உபரி பெல்ட் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. சில கற்களோடு டிரம்முக்குள் வாயு உருவாகி மூடி உப்பும். முதல் சில நாட்கள் தினமும் ஒருமுறை நிறுத்தி, மூடியைத் திறந்து, மறுபடி மூடி ஓட விடுங்கள்.

நான்கு கட்டங்கள்

முதல் கட்டம், 60/90 கரட்டுப் பொடி, மூன்று பவுண்டு டிரம்முக்கு 4 மேசைக்கரண்டி, ஏழு நாள். இந்தப் பொடி ஓட ஓட உடைந்து நைசாகிவிடும். ஏழு நாளுக்குப் பிறகு அதற்கு வெட்டும் திறன் இல்லை. ஏழாவது நாள் திறந்து, கழுவி, கற்களை ஒரு துணியில் பரப்பி முழுக்கக் காயவிடுங்கள். ஈரக்கல் எல்லாமே மெருகேறியதுபோலத்தான் தெரியும், அதை நம்பி ஏமாறக் கூடாது. காய்ந்த கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரம்பத்தடமோ சிறு குழியோ சில்லு போன இடமோ நிழலாகத் தெரிந்தால் அந்தக் கல் இன்னும் தயாராகவில்லை. அதை எடுத்துத் திரும்பப் போடுங்கள், புதுப் பொடி, இன்னும் ஏழு நாள். தயாரானதை ஒரு டப்பாவில் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, காலியான இடத்தில் புதுத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு முழு டிரம் தயார்க்கல் சேர்ந்த பிறகுதான் அடுத்த கட்டம். சில கல்லுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு நான்கு வாரம்கூட ஆகும். பின்னால் வரும் எந்தப் பொடியும் இப்போது விட்ட குழியை நிரப்பாது.

இரண்டாம் கட்டம் 120/220 பொடி, மூன்றாவது 500 பொடி. இரண்டுக்கும் அதே அளவு, தலா ஒரு வாரம். இவற்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மூன்றாவது முடிந்ததும் காய்ந்த கல் பட்டுபோல வழவழப்பாக, மெல்லிய மினுக்கோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெருகுக்குப் போகாமல் அதே கட்டத்தைத் திரும்ப ஓட்டுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கழுவுவதில்தான் பொறுமை சோதிக்கப்படும். கல், மீடியா, டிரம், மூடி, மூடியின் ரப்பர் வளையத்தின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். முந்தைய கட்டத்தின் ஒரே ஒரு துகள் மிஞ்சினாலும் அது அடுத்த வாரம் முழுக்க எல்லாக் கல்லிலும் கீறிக்கொண்டே இருக்கும். குழியுள்ள கல்லில் துகள் ஒளிந்துகொள்ளும், அதை மெருகுக் கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மெருகுக்கு மட்டும் தனி டிரம்மும் தனி மீடியாவும் வைத்துக்கொள்வது செலவானாலும் நான் பரிந்துரைப்பது.

நான்காவது, மெருகு. அலுமினியம் ஆக்சைடு மெருகுப் பொடி 4 மேசைக்கரண்டி, ஒரு வாரம். அகேட்டுக்குச் சீரியம் ஆக்சைடும் நன்றாக வேலை செய்யும். கண்ணாடி மெருகேற்ற இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் கண்ணாடி வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். முடிந்ததும் கழுவிவிட்டு, குளியல் சோப்பைத் துருவி ஒரு மேசைக்கரண்டி போட்டுத் தண்ணீரோடு சில மணி நேரம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் பொடிப் படலம் போய் உண்மையான பளபளப்பு தெரியும்.

ஒவ்வொரு முறையும் வரும் சேற்றுத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் சிமென்ட்போல இறுகிவிடும். பக்கெட்டில் ஊற்றி ஒருநாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மண்ணில் கொட்டுங்கள். அடிச்சேற்றை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்தால் அதுவும் சிலிக்கா தூசிதான்.

சரியாக வராவிட்டால்

ஓரங்களில் பிறை வடிவ வெள்ளைத் தழும்பு வந்தால் கற்கள் விழுந்து மோதியிருக்கின்றன. டிரம் போதிய அளவு நிரம்பவில்லை, அல்லது மீடியா குறைவு. கல் முழுக்க வழவழப்பாக இருந்தும் மின்னாவிட்டால் மூன்றாம் கட்டம் போதவில்லை. நீளமான மெல்லிய கீறல்கள் என்றால் பொடி கலந்துவிட்டது, இரண்டாம் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நடுமுகம் மட்டும் மங்கலாக, விளிம்பு பிரகாசமாக இருந்தால் தட்டைக் கற்கள் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கின்றன. மீடியாவைக் கூட்டி, நடுவயிறு கொஞ்சம் குவியும்படி மறுபடி அரைத்து, முதல் கட்டத்திலிருந்து போடுங்கள்.

துளையும் கம்பியும்

துளையை மெருகுக்குப் பிறகு போடுவதே என் வழக்கம். முன்பே போட்டால் துளைக்குள் பொடி அடைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைக் கெடுக்கும். உடையப்போகும் கல்லுக்கெல்லாம் துளை போட்டு பிட்டைத் தேய்க்க வேண்டியதும் இல்லை. கம்பாத்தில் பழைய கைவினைஞர்கள் முனையில் சின்ன வைரத்துணுக்குகள் பதித்த வில் துரப்பணத்தால் துளைத்தார்கள். நமக்கு ஒன்று முதல் இரண்டு மி.மீ. டயமண்ட் பிட் இருக்கிறது.

ஒரு ஆழமற்ற தட்டில் மரத்துண்டை வைத்து, அதன்மேல் கல்லை மெழுகுக் களிமண்ணால் நிறுத்தி, கல்லுக்கு மேல் சில மி.மீ. நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். பிட்டை முதலில் சாய்த்துப் பிடித்துப் பிறை வடிவில் ஒரு தொடக்கப் பள்ளம் எடுங்கள், பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். நேராக வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் மெருகைக் கீறிவிடும். அழுத்தாமல், இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை பிட்டை மேலே தூக்கித் தண்ணீர் உள்ளே போகவிடுங்கள். பால்போல வெள்ளைச் சேறு வெளியே வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது. சேறு நின்றுவிட்டால் பிட் மழுங்கிவிட்டது. பாதி ஆழம் போனதும் கல்லைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். ஒரே பக்கமாக முழுக்கப் போனால் வெளியேறும் இடத்தில் கூம்பாகச் சில்லு பெயரும். விளிம்பிலிருந்து துளைக்கு மூன்று மி.மீ. இடைவெளி விடுங்கள்.

துளைக்கவே வேண்டாமென்றால் கம்பி சுற்றலாம். சட்டத்துக்கு 0.8 மி.மீ., கட்டுவதற்கு 0.4 மி.மீ. செம்போ வெள்ளியோ எடுத்துக்கொள்ளுங்கள். மெருகேறிய கல்லில் கம்பி வழுக்கும் என்பதால், வடிவம் கொடுக்கும்போதே இரண்டு பக்கமும் விளிம்பில் சின்னப் பள்ளம் ஒன்று டயமண்ட் ஃபைலால் எடுத்து வைத்தால் கம்பி அதில் உட்கார்ந்துகொள்ளும். தொங்கவிடும் வளையத்தைக் கல்லில் பசையால் ஒட்டுபவர்கள் பசை படும் இடத்தை மட்டும் 220 நீர் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து மங்கலாக்கி, காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்தபின் இரு பாக எபாக்சி போடுங்கள். கண்ணாடிபோன்ற பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. ஒருநாள் முழுக்க அசையாமல் விட்டுவிடுங்கள்.

விற்பனைக்கு வைக்கிறீர்கள் என்றால் கல்லின் பெயரோடு, சாயம் ஏற்றியதா இயற்கை நிறமா என்பதையும் எழுதி வையுங்கள். வாங்குபவரால் பார்த்த மாத்திரத்தில் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.